செயின் பக்கத்து மரை

கல்லறைத் திருநாளன்று சூசை விடிந்ததும் உப்பளம் கல்லறைக்குப் போய்விடுவான். பெரிய பக்திமான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அக்கா ரோசா வருவதற்குள் மச்சான் கல்லறையைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி, ஒரு செபத்தைச் சொல்லிவிட்டுத் தப்பித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ரோசா பூசை முடிந்து வருவாள். தம்பி ஏற்றிய மெழுகுவத்தியைப் பிடுங்கிப் பக்கத்துக் கல்லறையில் நட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தன்னுடையதை ஏற்றுவாள். பக்கத்துக் கல்லறையில் கிடந்தவர் ஒரு பழைய சொல்தா. பிரஞ்சுப் பட்டாளத்தோடு சைகோன் வரைக்கும் போய் வந்தவர். பிள்ளைகள் எல்லாரும் பிரான்சில் தங்கிவிட்டார்கள். அக்கா தம்பி சண்டையில் அந்த மனுஷருக்கு வருஷா வருஷம் ஒரு மெழுகுவத்தி கிடைத்துவந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. நமத்துப்போன தீக்குச்சியோடு சூசை மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குடை வந்து தலைக்கு மேல் நின்றது.

"குடுங்க மாமா, நான் கொளுத்துறேன்."

இருதயமேரி. ரோசாவின் ஒரே மகள். அப்பன் செத்தபோது பாவாடை கட்டிய சிறுமி, இப்போது தாவணி போட்டு நிற்கிறாள். ஒரே நெல்லித்தோப்பில் இரண்டு தெரு தள்ளி இருந்தும் அதற்குப் பிறகு மாமனும் மருமகளும் பேசிக்கொண்டது கிடையாது.

"உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிடுவா, போ."

"தெரியும் மாமா. அம்மாதான் அனுப்புச்சி."

சூசைக்குக் கையிலிருந்த தீப்பெட்டி நழுவியது.

விஷயம் இதுதான். அவளுக்கு லாஸ்பேட்டை காலேஜில் இடம் கிடைத்திருந்தது. மழைக்காலத்தில் பஸ் வந்தால் நிற்பதில்லை, நின்றால் ஏற இடமில்லை. வீட்டுப் பின்கட்டில் அப்பாவின் சைக்கிள் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. அதைச் சரிசெய்து கொடுத்தால் போய்விடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். ரோசா முதலில் மாட்டேன் என்றாள். பிறகு வண்டியை உருட்டிக்கொண்டு ஊரில் இருக்கிற சைக்கிள் கடைகளெல்லாம் ஏறி இறங்கினாள். எல்லாரும் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, இது பிரஞ்சு வண்டி, மிதிகட்டை அச்சைத் தாங்குகிற பி.பி. கப் போயிருக்கிறது, சூசையிடம் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"அவனே வரட்டும், ஆனா கடைக்கு வண்டி போவாது, நம்ம வூட்டுல வச்சி, எங் கண்ணு முன்னாடி மாட்டணும்னு சொல்லுச்சி" என்றாள் இருதயமேரி.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தன் நாட்டுக்குத் திரும்பிப்போன மாசேர் ஒருவர், அதாவது பிரஞ்சுக் கன்னியாஸ்திரி, மடத்தில் தோட்ட வேலை பார்த்துவந்தவருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் தோட்டக்காரரின் மகன்தான் பிரகாசம், ரோசாவின் புருஷன். நடுக்கம்பி இல்லாத, மெல்லிய இரட்டைக் கம்பி சாய்ந்து இறங்கும் பெண்கள் வண்டி. பஞ்சாலை வேலைக்கு அதில்தான் போவான். கேட்டில் நுழையும்போதே, "மாசேர் வராங்கடா, எழுந்து நில்லுங்க" என்று ஒரு கூட்டம் கத்தும். பிரகாசமும் வண்டியை நிறுத்தி எல்லாருக்கும் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவான். அப்படிப்பட்ட ஆள்.

எமர்ஜென்சி நடந்த வருஷத்தில் ஒரு நாள், காலை ஷிப்டு முடிந்து வரும்போது விழுப்புரம் ரோட்டில் செயின் பக்கத்துக் கப் திருகுமரையை விட்டுக் கழன்று வந்தது. செயின் விழுந்தது. அழுத்தி மிதித்த கால் வெறுமையில் இறங்கி, பிரகாசம் வலப்பக்கமாகச் சாய்ந்தான். பின்னால் கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது.

அந்தக் கப்பை மாட்டியவன் சூசை. ஆள் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் மாட்டினான். ரோசா பிணத்தின் மேல் விழுந்து அழவில்லை. எழுந்து வந்து, கூட்டத்துக்கு நடுவில் தம்பியின் சட்டையைப் பிடித்து, "முடுக்குனியாடா?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். சூசைக்கு வாய் எழவில்லை. அதோடு பேச்சு நின்றது.

வாய் எழாததற்குக் காரணம், அவனுக்கே தெரியவில்லை. ஒரு நாள் யோசித்தால் நன்றாக முடுக்கியதாக ஞாபகம் வரும். மறுநாள் அதே ஞாபகத்தில் பாதி முடுக்கும்போது யாரோ வாசலிலிருந்து கூப்பிடுவார்கள், கை நின்றுவிடும். அப்படி யாராவது கூப்பிட்டார்களா, அல்லது பயத்தில் மனசு தானாகக் கட்டிக்கொண்டதா, சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து எந்த வண்டியை முடித்தாலும் வாடிக்கைக்காரர் ஏறிய பிறகு கீழே இறங்கச் சொல்லி மறுபடி ஸ்பானரைப் போட்டுப் பார்ப்பான். சந்தேகப் பிராணி என்று பெயர் வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பைக் கிளறும்போது ஒரு பிரஞ்சுக் கப் ஜோடி புத்தம் புதிதாக அகப்பட்டது. அதை வாங்கி வந்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியில் சுற்றி வைத்திருந்தான். அந்த வண்டி என்றைக்காவது தன்னிடம் வரும் என்று எதிர்பார்த்தானா, வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டானா, அதுவும் தெரியாது.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு போனான். ரோசா மடத்துத் தையல் கூடத்தில் பூவேலை செய்பவள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, நடையில் முக்காலியைப் போட்டு, பீடத்து விரிப்பு ஒன்றை வளையத்தில் மாட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கால கழுவிக்கினு வரச் சொல்லுடி உங்க மாமன" என்றாள் மகளிடம்.

சூசை காலைக் கழுவினான்.

"வண்டிய சாச்சிப் போட சாக்கு இருக்குதான்னு கேளு மேரி" என்றான்.

"இருக்குதுன்னு சொல்லு."

இருதயமேரி இரண்டு பேரையும் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா போஸ்ட் ஆபீஸா? எனக்கு காலேஜுக்கு நேரமாவுது" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேறு வழியில்லாமல் வீடு அமைதியாகிவிட்டது. ஓட்டிலிருந்து வழிந்த மழை அண்டாவில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே கருவாட்டுக் குழம்பு கொதித்தது.

சூசை கிராங்கைக் கழற்றினான். எண்ணெய் ஊற்றி, துருவைச் சுரண்டி, இடப்பக்கத்துக் கப்புக்கு வந்தான். அதன் பூட்டு வளையம் அசையவே இல்லை. சுத்தியால் தட்டித்தான் இளக்க வேண்டியிருந்தது. இவ்வளவு இறுக்கமாகத்தான் முடுக்கியிருக்கிறோம் என்று முதல் முறையாக ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் இப்படி முடுக்கியவன் அந்தப் பக்கத்தை விட்டிருப்பானா? அச்சு ஓடுகிற கூட்டுக்குள்ளிருந்து குண்டுகளைக் கொட்டினான். ஒரு குண்டு உடைந்து பாதியாக இருந்தது.

செயின் பக்கத்துக் கப் கழன்றபடி அச்சிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துக் கையில் வைத்துத் திருப்பினான். விளிம்பில் உளி பட்ட தழும்புகள். ஒன்றிரண்டல்ல, வரிசையாக. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

சைக்கிள் வேலை தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். லண்டன் வண்டியானாலும் நம்மூர் வண்டியானாலும் செயின் பக்கத்துக் கப்புக்கு மட்டும் இடமரை. உலகத்தில் எல்லாத் திருகும் வலப்பக்கம் திருப்பினால் இறுகும், அது மட்டும் இடப்பக்கம் திருப்பினால் இறுகும். ஆனால் பிரஞ்சு வண்டிக்கு அந்த வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் வலமரைதான். ஊருக்கு மேற்கே வெள்ளைக்காரன் ஆண்ட பக்கம் ஒரு மாதிரி, இங்கே பிரஞ்சுக்காரன் ஆண்ட பக்கம் வேறு மாதிரி. சூசையின் அப்பா கடை வைத்திருந்தது அந்தப் பக்கத்து வளவனூரில். அங்கே பிரஞ்சு வண்டி வந்தது கிடையாது. சூசை புதுச்சேரிக்கு வந்து, இரண்டு மூன்று வண்டிகளைக் கெடுத்து, திட்டு வாங்கித்தான் இதைக் கற்றுக்கொண்டான்.

உளித் தழும்புகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

"இன்னாடா, கப்பையே பாத்துக்கினு உக்காந்துட்ட?" என்றாள் ரோசா. நேராக அவனிடமே பேசிவிட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. விளிம்புல எவனோ உளிய வச்சி அடிச்சிருக்கான். போலீஸ் ஸ்டேஷன்ல வண்டி கெடந்தப்ப நோண்டியிருப்பானுங்க போல."

"ஸ்டேஷன்ல இல்ல. நான் அடிச்சது அது."

சூசை நிமிர்ந்து பார்த்தான்.

"அவரு போறதுக்கு மொத நாளு. வண்டி மிதிக்கிறப்பல்லாம் டக்கு டக்குன்னு சத்தம். சூசைகிட்ட காட்டுங்கன்னா ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்னாரு. நீ ஒழுங்கா முடுக்கியிருந்தா சத்தம் ஏன் வருது? அவரு குளிக்கப் போன நேரத்துல வண்டிய சாச்சி, உளிய வச்சி, நானே முடுக்குனேன். அப்பா கடையில நான் முடுக்காத வண்டியா? செயின் பக்கம் தலகீழா திருப்பணும்டான்னு உனக்கே சொல்லிக் குடுத்தது நானு. மறந்துட்டியா?"

"மறக்கலக்கா."

"முடுக்கிட்டு எண்ணெயும் உட்டேன். சத்தம் நின்னுடுச்சு. காலையில, 'இன்னாடி ரோசா, மாசேர் வண்டி பேசவே மாட்டேங்குது'ன்னு சிரிச்சிக்கினே போனாரு." ஊசி துணியிலேயே நின்றது. "ஆனா பொம்பள கை. எவ்ளோ பலம் இருக்கப் போவுது? நீ பாதியாவது முடுக்கி வச்சிருந்தா நான் முடுக்குனதோட சேந்து நின்னிருக்கும். இன்னைக்கும் மில்லுல சங்கு ஊதுனா அந்தச் சத்தம் கேக்குதுடா. டக்கு டக்குன்னு தெருமுனை வரைக்கும் வருது. வாசலுக்கு வரமாட்டேங்குது."

சூசை உளித் தழும்புகளின் மேல் விரலை ஓட்டினான். நான் முடுக்கியிருக்கிறேன். நான் சரியாகத்தான் முடுக்கியிருக்கிறேன். ஆறு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது. எழுந்துபோனது நேராக அக்காவின் மேல் போய் உட்காரக் காத்திருந்தது. அவன் வாயைத் திறந்தால் போதும். உடைந்த குண்டால் வந்த சத்தம் அது, எண்ணெய் விட்டதில் அடங்கியிருக்கிறது. முடுக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவள் முடுக்கவில்லை. கழற்றிவிட்டிருக்கிறாள். தன் கையாலேயே, ஆசை ஆசையாக.

அவனுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. துணியை எடுத்து முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டான்.

"கிரீஸ் பூசிக்காதடா மூஞ்சியில" என்றாள் ரோசா. "பழைய கதைய உடு. இப்ப நல்லா கேட்டுக்க. எம் பொண்ணு ஏறிப் போவப் போறா. இனிமே வண்டி லேசா முனகுனாக்கூட உன்னைத் தேடிக்கினு ஓடி வரமாட்டேன். வாராவாரம் நானே உளிய வச்சி ஒரு தட்டு தட்டி முடுக்கிடுவேன். அவளுக்கும் சொல்லிக் குடுத்துடுவேன். செயின் பக்கம் தலகீழ். அது போதும்."

சூசை பையிலிருந்து எடுத்த புதுப் பிரஞ்சுக் கப் கையில் கனத்தது. அதை மாட்டினால் அக்கா வாராவாரம் தட்டிக் கழற்றுவாள். பிரகாசத்துக்கு ஆனதே மேரிக்கும் ஆகும். மாட்டாமல் உண்மையைச் சொன்னால் அக்கா இன்றைக்கே தீர்ந்தாள். அவளை அவனுக்குத் தெரியும். தம்பியையே மன்னிக்காதவள் தன்னை மன்னித்துக்கொள்வாளா?

புதுக் கப்பைத் துணியில் சுற்றிப் பைக்குள் போட்டான்.

"கூடு உள்ள துரு அரிச்சிப் போச்சிக்கா. கப்பு நிக்காது. பிரேம கொண்டுபோயி ஒட்டு வேல பாக்கணும்."

"எங்கண்ணு முன்னாடின்னு சொன்னேனே."

"கேஸ் சிலிண்டர உன் நடைக்குத் தூக்கியாரவா? மாட்டுறது உன் கண்ணு முன்னாடிதான் மாட்டுவேன். மாதா மேல ஆணை."

மாதாவைச் சொன்னதும் ரோசா அடங்கினாள்.

கேஸ் வெல்டிங் சக்கரபாணி பட்டறை பக்கத்துச் சந்தில் இருந்தது. சக்கரபாணி பிரேமைத் திருப்பிப் பார்த்தான், கூட்டுக்குள் விரலை விட்டுத் தடவினான், பிறகு சூசையைப் பார்த்தான்.

"மரை கண்ணாடி கணக்கா இருக்குது. இதுல எங்கய்யா துரு?"

"அறுத்துடு."

"இன்னாது?"

"இந்தக் கூட்ட அறுத்து எடுத்துட்டு நம்மூரு கூடு வச்சி பித்தளை ஒட்டு போட்டுக் குடு. இதோ, உடைஞ்ச பிரேம்லேந்து வெட்டிக் கொண்டாந்திருக்கேன்."

"பையில இருக்கறது இன்னா?"

"பிரஞ்சுக் கப்பு. புதுசு."

சக்கரபாணி பீடியை அணைத்தான். "நல்ல கூடு. அதுக்குப் பொருந்துற புதுக் கப்பு கையில. அதை வச்சிக்கினு, கூட்ட அறுத்து எறிஞ்சிட்டு, கண்ட இரும்ப வச்சி ஒட்டச் சொல்ற. ஏன்யா, வண்டிக்கு மரை நல்லாத்தான் இருக்குது. உனக்குத்தான் கழண்டுடுச்சா?"

"ஆமா. எனக்குத்தான். ஒட்டு."

"காரணத்தையாவது சொல்லு."

"எங்க அக்காவுக்கு இடமரைதான் தெரியும்."

சக்கரபாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பைத்தியத்தோடு என்ன பேச்சு என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுக்க ஆரம்பித்தான். சூசை வெளியே போய் மழையில் நின்றான். பஞ்சாலைச் சங்கு ஊதியது. யாரோ ஒருவன் பட்டறையைத் தாண்டிச் சைக்கிளில் போனான். டக்கு டக்கு என்று சத்தம். சூசை கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். சத்தம் தெருமுனைக்குப் போய் நின்றது. சூசையும் திரும்பிப் பார்க்கவில்லை.

சொன்னபடி அக்காவின் நடையில் வைத்துத்தான் மாட்டினான். கறுத்துப்போன ஒட்டுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். கப், அச்சு, குண்டு, கிராங்க் எல்லாமே நம்மூர்ச் சாமான். கிரீஸை வழித்து வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, செயின் பக்கத்துக் கப்பை இடப்பக்கம் திருப்பி முடுக்கினான். அந்த வண்டியில் அவன் அப்படித் திருப்புவது அதுதான் முதல் முறை.

"நவுரு" என்றாள் ரோசா. புடவையைச் செருகிக்கொண்டு குந்தினாள். உளியை வைத்தாள், இடப்பக்கமாகச் சுத்தியால் தட்டினாள். கப் நகரவில்லை. இன்னொரு தட்டு. மயிரிழை இறுகி நின்றுவிட்டது. அச்சைச் சுற்றிப் பார்த்தாள். சத்தமே இல்லை.

"பாத்தியா? இதான்டா முடுக்கறது. அன்னைக்கு இப்படி முடுக்கியிருந்தா எம் புருஷன் இருந்திருப்பாரு இல்ல?"

சூசை ஸ்பானரைத் துணியில் துடைத்தான்.

"வாயத் தொறந்து சொல்லுடா. ஒரே ஒரு வார்த்த. அதுக்குத்தான் இத்தன வருஷமா காத்துக்கினு இருக்கேன். நீ முடுக்கல. அதானே?"

மழை விட்டிருந்தது. வாசலில் இருதயமேரி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்காகக் காத்து நின்றாள்.

"ஆமாக்கா. நான்தான் முடுக்கல" என்றான் சூசை.

ரோசா சுத்தியைக் கீழே வைத்தாள். அப்புறம் அழுதாள். பிணத்தின் மேல் அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். தம்பியின் தலையில் இரண்டு கையாலும் அடித்தாள், அடித்த தலையையே கட்டிக்கொண்டாள். "இதச் சொல்ல ஆறு வருஷமாடா? அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே உட்டிருப்பேனே. போ, மன்னிச்சிட்டேன் போ. அவரும் மன்னிச்சிருப்பாரு, அவரு மனசு உனக்குத் தெரியாதா" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். கருவாட்டுக் குழம்பும் கத்தரிக்காயும். சூசை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். தான் செய்யாததற்குக் கிடைத்த மன்னிப்பு சோற்றோடு சேர்ந்து உள்ளே இறங்கியது. ஆனாலும் அக்கா கையால் சாப்பிட்டது நன்றாகத்தான் இருந்தது.

"நான் மன்னிச்சா போதாது" என்றாள் ரோசா, மறுசோறு வைத்துக்கொண்டே. "சனிக்கெழம சாயங்காலம் கோயிலுக்கு வா. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிடு. மனசுல வச்சிக்கினு திரியாத."

சனிக்கிழமை தட்டிக்கழிக்க முடியவில்லை. அவளே வந்து கூட்டிப்போனாள். பாவசங்கீர்த்தனக் கூட்டில் முழங்கால் போட்டதும் உள்ளேயிருந்து சாமியார் கேட்டார்.

"கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் செஞ்சே?"

"எங்க மச்சான் சாவறதுக்கு முன்னாடி சாமி."

"சொல்லுப்பா."

"பொய் சொன்னேன் சாமி. எங்க அக்காகிட்ட."

"உண்மையைச் சொல்லிடு. பொய்யைச் சரிபண்ண அது ஒண்ணுதான் வழி."

"சொன்னா அவ தாங்கமாட்டா சாமி."

"சரி. அந்தப் பொய்யை இனிமே சொல்ல மாட்டேன்னாவது வாக்கு குடு."

"அவ கேக்கறப்பல்லாம் சொல்லித்தான் ஆவணும் சாமி. சாவற வரைக்கும் சொல்லுவேன்."

சாமியார் வலைத்தட்டியை நெருங்கிக் குனிந்தார். குரலில் கோபம் இல்லை. "செஞ்சதுக்கு வருத்தமும் மனஸ்தாபமும் இல்லன்னா நான் எப்படிப்பா மன்னிப்பு குடுக்கறது?"

"வேணாம் சாமி" என்று சூசை எழுந்துவிட்டான்.

ரோசா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் அப்படித் தெளிந்திருந்தது. புருஷன் உயிரோடு இருந்த நாளில் அந்த முகத்தைப் பார்த்தது.

"முழுசா சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்க்கா."

"இன்னா அபராதம் குடுத்தாரு?"

சூசை ஒரு கணம் யோசித்தான். "ஒரு செபமாலை முழுசும். அம்பத்துமூணு மணி செபம்."

"அவ்ளோதானா? நல்ல சாமியாருதான்." நகர்ந்து இடம் கொடுத்தாள். "உக்காரு. நானும் கூடச் சொல்றேன். உனக்கு ஒத்தையில சொன்னா நடுவுல மறந்துடும்."

மடியிலிருந்து செபமாலையை எடுத்துச் சிலுவையை முத்தமிட்டாள். தம்பியின் பாவத்துக்காக ரோசா முதலில் தொடங்கினாள். சூசை அக்காவுக்காகப் பதில் சொன்னான்.